நான்காம் இலக்கக் கடிதம்

1. ரப்பரும் ஸ்பிரிட்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேசையில் மூன்று பொருட்கள் இருந்தன. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்று, ஒரு போத்தல் ஸ்பிரிட், ஒரு பெட்டி நிறையப் பஞ்சுக் குச்சிகள். எண்பதுகளின் கடைசி அது. மேற்கு லண்டனில், சவுத்தாலுக்கு அருகே ஓர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த எங்கள் கம்பனி, வீடியோ கேம்களை வெளிநாட்டிலிருந்து எடுத்து இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கடைகளுக்கு விநியோகித்தது. நான் சேர்ந்த பகுதியின் பெயர் ரிட்டேர்ன்ஸ். வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சரக்கெல்லாம் அங்கேதான் வந்து குவியும்.

பகுதியின் பொறுப்பாளர் நாதன். மலேசியத் தமிழர். லண்டனுக்குப் பொறியியல் படிக்க வந்து, படிப்பு முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவள் என்று விண்ணப்பத்தில் கண்டதால்தான் என்னை எடுத்தாராம். ஆனால் முதல் வாரம் முழுவதும் பௌதிகத்துக்கு வேலையே இருக்கவில்லை. ரப்பரால் தேய்ப்பதுதான் வேலை.

அந்தக் காலத்தில் கேம்கள் கார்ட்ரிட்ஜில் வந்தன. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. அடியில் தங்க நிறத்தில் செப்புப் பற்கள் இருக்கும். அதை கொன்சோல் என்ற விளையாட்டுக் கருவியில் செருகினால் படம் தொலைக்காட்சியில் ஓடும். களவாகப் பிரதி செய்த கார்ட்ரிட்ஜ்கள் ஓடாமல் இருப்பதற்காக, கொன்சோலைத் தயாரித்தவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிப், கொன்சோலுக்குள் ஒரு சிப். இரண்டும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு ஒரு கணம் அறுந்தாலும் கொன்சோல் தன்னைத்தானே நிறுத்தி, மீண்டும் தொடங்கி, மீண்டும் நிறுத்தும். திரை கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

பேச்சு அறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பற்களில் கொஞ்சம் தூசி, கொஞ்சம் விரல் எண்ணெய் போதும். முழுக் காசும் கொடுத்து வாங்கிய கேம், வாங்கிய வீட்டிலேயே கண்சிமிட்டும். அவர்கள் அதைப் பொதிசெய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நான் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, செருகிப் பார்ப்பேன். ஓடும். "பழுது காணப்படவில்லை" என்ற ஸ்டிக்கரை ஒட்டி, துடைக்கும் விதத்தைச் சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு திருப்பி அனுப்புவேன்.

ஒருநாள் நாதன் ஒரு கார்ட்ரிட்ஜைத் திறந்து அந்த சிப்பைக் காட்டினார்.

"இது திருடனுக்குன்னு போட்ட பூட்டு. மாட்டிக்கிறது தூசி," என்றார்.

நான் சிரித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சில கார்ட்ரிட்ஜ்களில் விளையாட்டை இடையில் சேமித்துவைக்க ஒரு பற்றரி இருக்கும். அது செத்தால் பழையதை எடுத்துப் புதியதை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. இரண்டு வருடத்தில் என் ஈயப்பற்று நாதனுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

2. டிஸ்க் வந்த பிறகு

தொண்ணூறுகளின் நடுவில் கார்ட்ரிட்ஜ் போய் டிஸ்க் வந்தது. பாட்டு சீடி போலவே இருக்கும். ஆனால் அசல் டிஸ்க்கின் உள்வட்டத்தில் ஓர் அடையாளம் பதிக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கணினியில் பிரதி எடுத்தால் அது வராது. கொன்சோல் முதலில் அந்த அடையாளத்தைத்தான் தேடும். இல்லையென்றால் ஓட்டாது.

சில மாதங்களுக்குள் அதற்கும் ஒரு வழி வந்துவிட்டது. விரல்நகம் அளவுள்ள ஒரு சிப். அதை கொன்சோலுக்குள் நான்கைந்து வயர்களால் பற்றவைத்துவிட்டால், உள்ளே எந்த டிஸ்க் இருந்தாலும் "அடையாளம் இருக்கிறது" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கொன்சோல் நம்பிவிடும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பிரதி டிஸ்க்குகள் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கி விற்கப்பட்டன. நானே சவுத்தாலில் காய்கறி வாங்கப் போன இடத்தில் கண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பனிக்கு அது உண்மையிலேயே அடியாக விழுந்தது. பொதியிடும் பகுதியில் நான்கு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி ஒவ்வொரு நாளும் என்னோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். காரணம் களவுப் பிரதிதான் என்று மேலிடம் சொன்னது, நான் நம்பினேன். அந்தச் சந்தை மேசைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே புதிய பாதுகாப்பு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இம்முறை காவல் டிஸ்க்கிலேயே இருந்தது. கேம் தொடங்கியதும் அது கொன்சோலைச் சோதிக்கும். அடையாளம் இருக்கத் தேவையில்லாத இடத்திலும் "இருக்கிறது, இருக்கிறது" என்று ஒரு சிப் கத்திக்கொண்டிருந்தால், அது கள்ள சிப் என்று கண்டுபிடித்துவிடும். உடனே கேமை நிறுத்தி, இந்தக் கருவி மாற்றப்பட்டிருக்கலாம் என்று திரையில் ஓர் எச்சரிக்கையைப் போடும்.

எங்களிடம் நான்கு வகைக் கடிதங்கள் இருந்தன. முதலாவது, டிஸ்க்கைத் துடையுங்கள். இரண்டாவது, புதியது அனுப்புகிறோம். மூன்றாவது, கடைப் பற்றுச்சீட்டை அனுப்புங்கள். நான்காவதை கம்பனியின் சட்டப் பிரிவு புதிதாக எழுதித் தந்தது. திரையில் எச்சரிக்கை வருகிறது என்று யாராவது முறைப்பட்டால் அவர்களுக்கு அது போகும். உங்கள் டிஸ்க்கில் பழுது இல்லை. உங்கள் கருவி சட்டத்துக்கு மாறாக மாற்றப்பட்டுள்ளது. களவுப் பிரதிகளைப் பயன்படுத்துவது குற்றம். தேவையேற்படின் உங்கள் விவரங்களை உரிய அதிகாரிகளிடம் வழங்கும் உரிமை எமக்கு உண்டு. இப்படி முடியும். அடியில் என் பெயர், தவமணி சிவபாலன், வாடிக்கையாளர் சேவை. அதற்கு மேலே என் கையெழுத்து.

சில நாட்களில் இருபது, முப்பது கடிதங்கள் கையெழுத்துக்கு வரும். தேநீர் குடித்துக்கொண்டே போட்டுவிடுவேன். கோபமாகத் தொலைபேசியில் அழைப்பவர்களும் இருந்தார்கள். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தொலைபேசியை வைத்திருக்கிறேன்.

3. படுக்கை விரிப்பில் சுற்றிய பெட்டி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரவேற்பில் இருந்த பெண் என்னை அழைத்தாள். ஒருவர் ஒரு பொட்டணத்தோடு வந்திருக்கிறார், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், கதிரையில் இருக்கச் சொன்னாலும் இருக்கிறார் இல்லை என்றாள்.

கீழே போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேல்கோட்டுக்குள் பெட்ரோல் நிலையச் சீருடை தெரிந்தது. பூப்போட்ட படுக்கை விரிப்பில் எதையோ சுற்றி, நான்கு மூலையையும் முடிந்து, இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் பாடமாக்கி வந்த ஆங்கிலத்தில், தான் குற்றவாளி அல்ல என்று தொடங்கினார்.

"தமிழிலேயே சொல்லுங்கோ, அண்ணை," என்றேன்.

அவர் ஆங்கிலத்தை அப்படியே நிறுத்தினார்.

"நீங்களோ தவமணி?"

"ஓம்."

"கடிதத்தில தமிழ்ப் பேர் கிடந்தது. அதாலதான் துணிஞ்சு வந்தனான்."

பக்கத்தில் இருந்த சிறிய கூட்ட அறைக்கு அழைத்துப் போனேன். அவர் பெயர் குணரத்தினம். லண்டனின் மறுமுனையில், இல்ஃபோர்டில் ஒரு வீட்டில் இன்னும் நான்கு ஆண்களோடு தங்கியிருக்கிறார். ஐந்து பேரும் வெவ்வேறு ஷிப்ட். ஞாயிறு பின்னேரம் மட்டும் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்துக்கென்று, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பழைய கொன்சோலை வாங்கியிருக்கிறார். பிறகு ஹை ஸ்ட்ரீட் கடையொன்றில் புதிதாக ஒரு கார் ஓட்டும் கேம் வாங்கியிருக்கிறார். அது ஓடவில்லை. கடையில் திருப்பி எடுக்க மறுத்தார்கள். எங்களுக்கு அனுப்பினார். டிஸ்க்கோடு நான்காம் இலக்கக் கடிதம் அவருக்குப் போனது.

இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். இல்ஃபோர்டிலிருந்து ரயில், பிறகு அண்டர்கிரவுண்ட், பிறகு பஸ். ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். கடைப் பற்றுச்சீட்டு. அகதி வழக்குகளைத் தீர்மானிக்கும் ஹோம் ஆபிஸ் அவருக்குக் கொடுத்திருந்த கடிதத்தின் பிரதி. அவருடைய வழக்கின் இன்டர்வியூவுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லும் அறிவித்தல். கடைசியில் என் கடிதம்.

அந்தக் கடிதத்தின் வரிகளுக்கு மேலே பென்சிலால் யாரோ தமிழில் பொருள் எழுதியிருந்தார்கள். "குற்றம்" என்று ஓரிடத்தில் இருந்தது. "அதிகாரிகள்" என்று வரவேண்டிய இடத்தில், "பொலிஸ், ஹோம் ஆபிஸ்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது.

"கேஸ் முடியுமட்டும் ஒரு சின்னப் பிழையும் விடக்கூடாதெண்டு இருந்தனான், தங்கச்சி. ரிக்கற் எடுக்காமல் ஒருநாள் பஸ் ஏறினதில்லை. இதையும் அதுக்காகத்தான் கடையில புதுசாய் வாங்கினனான்," என்றார்.

வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டதாம். ஒருவர் கொன்சோலைக் கொண்டுபோய் ஆற்றில் போடச் சொன்னார். இன்னொருவர், பொலிஸ் வருவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லுவோம் என்றார். வேறொருவருடைய வழக்கும் நிலுவையில் இருந்தது. இந்த முகவரியில் தன் பெயரும் இருக்கிறதே என்று அவர் குணரத்தினத்தோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒன்பது நாட்களாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

கடிதத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இதில இருக்கிற சைன் உங்கடதோ?"

"ஓம் அண்ணை. என்ரதான்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ர விபரத்தைக் குடுத்திட்டியளோ?"

அவர் குரலில் கோபம் இல்லை. அறிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ பதில் தெரியாது. பல மாதங்களாக அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்; அதில் சொன்னது போல யாருடைய விவரமாவது எங்கேயாவது போகிறதா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். வாசலைக் கடந்ததும் முகம் சுட்டது. நேரே மாடிப்படி ஏறினேன்.

4. இரண்டு டிஸ்க்குகள்

நாதனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் விதியைத்தான் எடுத்தார். மாற்றப்பட்ட கருவியோடு வருபவர்களை உள்ளே விடக்கூடாது. அந்தக் கருவியைத் திறக்கக்கூடாது. எல்லாம் சட்டப் பிரிவின் வேலை.

"சரி, மிஸ்டர் நாதன். அப்ப சட்டப் பிரிவையே கேளுங்கோ. விபரம் போயிருக்கோ இல்லையோ எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்," என்றேன்.

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் தொலைபேசியை எடுத்தார். இரண்டு இடங்களுக்கு மாற்றி மாற்றி இணைத்தார்கள். கடைசியில் யாரோ ஒருவர் பதில் சொன்னார். நாதன் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

"யாருக்கும் எதுவும் குடுக்கலையாம். குடுக்கிற எண்ணமும் இல்லையாம். சும்மா ஒரு பயத்துக்குப் போட்ட வரியாம்."

இருவரும் கீழே இறங்கினோம். நாதன் அதைத் தானே குணரத்தினத்திடம் சொன்னார், நிறுத்தி, இரண்டு முறை. குணரத்தினம் கண்ணை மூடித் திறந்தார். அதற்குப் பிறகுதான் முதல் முறையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்து முடித்து, கோட்டின் உள்பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. எங்கட வீட்டுப் பெடியன் ஒருத்தன் இதே கேமைச் சந்தையில வாங்கிக்கொண்டு வந்தவன். கள்ள டிஸ்க்தான். இதையும் உங்களிட்டைக் குடுத்திட்டுப் போவமெண்டு கொண்டு வந்தனான்."

பெடியன் என்று அவர் சொன்னது முப்பது தாண்டிய ஒருவரை. நாதன் அந்த டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெயர் ஃபெல்ட் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. பிறகு எதிர்பாராத ஒன்றைச் செய்தார். பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு, வாங்க என்று எங்களை ரிட்டேர்ன்ஸ் மேசைக்கே அழைத்துப் போனார். திறக்கத்தான் தடை, மின்சாரம் கொடுத்துப் பார்க்கத் தடை எதுவும் எழுதப்படவில்லை என்று போகும்போது சொன்னார்.

கொன்சோலைத் தொலைக்காட்சியில் இணைத்து, முதலில் கடையில் வாங்கிய டிஸ்க்கைப் போட்டோம். கம்பனிகளின் பெயர்கள் வந்தன. பிறகு திரை கறுத்து, எச்சரிக்கை வந்து நின்றது.

அடுத்து சந்தை டிஸ்க். அதே பெயர்கள். அதன் பிறகு இசை தொடங்கியது. கார்கள் வரிசையில் வந்து நின்றன. கொடி இறங்கியது. எங்களுடைய கார் மட்டும் புறப்படாமல் நிற்க, மற்றவை எல்லாம் பறந்தன.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கள்ள டிஸ்க் ஓடுது. காசு குடுத்து வாங்கினதுதான் நிக்குது," என்றார் குணரத்தினம்.

நாதன் சந்தை டிஸ்க்கை வெளியே எடுத்தார். அதைக் காட்டி மெதுவாக விளக்கினார். பிரதி எடுக்கிறவர்கள் முதலில் அந்தச் சோதனையை டிஸ்க்கிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுத்தான் பிரதி எடுக்கிறார்கள். ஆகவே சந்தையில் விற்கிற டிஸ்க்கில் காவல் இல்லை. கடையில் விற்கிற டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. எங்களிடம் ஒரு சோதனைப் படிவம் இருந்தது. திருப்பி வந்த ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதை நிரப்ப வேண்டும். முதல் கேள்வி, டிஸ்க் அசலா? உள்வட்டத்தைப் பார்த்து, "ஆம்" என்ற கட்டத்தில் நான் சரி போடுவேன். நான்காம் இலக்கக் கடிதம் போன எல்லோருடைய படிவத்திலும் அந்தச் சரி இருந்தது. ஒரு பிரதி டிஸ்க்கூட என் மேசைக்கு வந்ததில்லை. எப்படி வரும்? பிரதி வாங்கியவன் எதற்காக எங்களுக்கு எழுதப்போகிறான்? அசல் என்று என் கையாலேயே எழுதிவிட்டு, அதே கையால் அவர்களைத் திருடர் என்று சொல்லும் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதை நாதனிடம் சொன்னேன். அவர் படிவக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். இருபது முப்பது தாள்களைப் புரட்டிப் பார்த்து மூடினார். பிறகு தன் கணினியில் மூன்று வசனம் அடித்து, கம்பனித் தாளில் அச்செடுத்தார். இந்த வாடிக்கையாளர் வாங்கிய டிஸ்க் அசலானது. கருவியில் முன்னைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கு இவர் பொறுப்பல்ல. இவர் மீது எமக்கு எந்த முறைப்பாடும் இல்லை, இவருடைய விவரம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

"லீகலைக் கேக்க வேணாமோ?" என்றேன்.

"கேட்டா ரெண்டு வாரம் ஆகும். இவருக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ. என் பேர்லயே போகட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

குணரத்தினம் அந்தத் தாளை ஃபோல்டரின் முன்பக்கத்தில், வெளியே தெரியும்படி வைத்தார். கொன்சோல் தனக்கு இனி வேண்டாம் என்றார். அதில் இருக்கும் சிப்பை எடுத்துவிட்டால் அது சாதாரணக் கொன்சோல்தான், அவருடைய டிஸ்க் நன்றாக ஓடும் என்று நான் சொன்னேன். நாதன் குறுக்கிட்டு, இந்தக் கட்டடத்துக்குள் வைத்து அதைத் திறக்க முடியாது என்றார். நான் அவரைப் பார்த்தேன்.

"கட்டடத்துக்குள்ளன்னுதான் சொன்னேன்," என்றார்.

5. இல்ஃபோர்ட்

அன்று மாலை பூப்போட்ட பொட்டணம் என்னோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தது. சமையலறை மேசையில் வைத்துத் திறந்தேன். சிப்பை யாரோ அவசரத்தில் போட்டிருந்தார்கள். ஐந்து வயரும் கோணல் மாணல், ஈயம் கட்டி கட்டியாக. ஒவ்வொன்றாக இளக்கி எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்ய அரை மணித்தியாலம் பிடித்தது. ஓட்டிப் பார்க்க என்னிடம் டிஸ்க் எதுவும் இல்லை. மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை இல்ஃபோர்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய நிரை வீடு. வாசலில் ஐந்து சோடி வேலைச் சப்பாத்துகள். குணரத்தினமும் இன்னும் இரண்டு பேரும் முன்னறையில் இருந்தார்கள். சந்தை டிஸ்க் வாங்கிய ஆள் வெட்கத்தில் மேலறையை விட்டு இறங்கவில்லை. பேசுவதை நிறுத்தியிருந்த மற்றவர் இறங்கி வந்தார். குணரத்தினத்தின் முகத்தைப் பார்க்காமல், நாதன் எழுதிய கடிதத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். நின்றபடியே முழுதும் வாசித்தார். இந்த வீட்டு முகவரி அதில் இல்லைத்தானே என்று என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, குசினிக்குள் போய் எனக்கும் குணரத்தினத்துக்கும் தேநீர் போட்டு வந்தார்.

அசல் டிஸ்க் ஓடியது. நான் ஒரு ஓட்டம் ஓட்டி, வளைவில் மதிலில் மோதித் தோற்றேன். மற்றவர்கள் கைமாற்றி விளையாடினார்கள். குணரத்தினம் விளையாடவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தார். தன் வழக்கறிஞரிடம் இரண்டு கடிதங்களையும் காட்டினாராம். இதற்கெல்லாம் ஹோம் ஆபிஸ் கவலைப்படாது என்று அவர் சிரித்தாராம்.

"லோயர் சிரிச்சவர். அவருக்கென்ன, பாஸ்போட் இருக்கு," என்றார்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவருடைய வழக்கு நல்லபடியாக முடிந்தது. எங்கள் கடிதங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். கொன்சோலைப் பற்றிக் கேட்டேன். எப்போதோ விற்றாகிவிட்டது என்றார்.

6. எழுத முடியாத சொல்

நாதன் அந்த இரண்டு டிஸ்க்குகளையும் மேலிடக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், இயக்குநர்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார். கேட்காமல் கடிதம் கொடுத்ததற்காக அவருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அதை அவர் மேசை லாச்சிக்குள் போட்டார். பாதுகாப்பை எடுக்க முடியாது, அது கேம் செய்கிறவர்களின் முடிவு என்று மேலிடம் சொன்னது. ஆனால் கடிதம் மாறியது. அதிகாரிகள் பற்றிய வரி போனது. பழைய கொன்சோல் வாங்கியவர்களுக்குத் தெரியாமலே உள்ளே சிப் இருக்கலாம், திருத்துபவர் ஒருவரிடம் காட்டுங்கள், விரும்பினால் டிஸ்க்குக்குரிய பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு வசனத்தையும் இம்முறை நான் வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னேன்.

ஏற்கெனவே பழைய கடிதம் போனவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டேன். சட்டப் பிரிவு அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மன்னிக்கவும்" என்று எழுத்தில் கொடுத்தால் நாளை யாராவது அதைப் பிடித்துக்கொண்டு வருவார்களாம். தொலைபேசியில் சொல்வதைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்று நாதன் நினைவூட்டினார்.

கோப்பில் தொலைபேசி இலக்கம் இருந்தவர்களை மதிய இடைவேளைகளில் அழைத்தேன். முடிக்க ஆறு வாரம் ஆனது. நான் சொன்னது இவ்வளவுதான்: நீங்கள் வாங்கிய டிஸ்க் அசல் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டவள் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது மறந்தே போயிருந்தது. சிலர் திட்டினார்கள், முழுவதையும் கேட்டேன். சிலரிடம் சந்தை டிஸ்க்குகளும் இருந்திருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. முன்பு நான் பாதியில் தொலைபேசியை வைத்த அந்தப் பெண்ணின் பெயரை அப்போது குறித்துவைத்திருக்கவில்லை. அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிற்காலத்தில் வாடிக்கையாளர் சேவைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். அவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்வேன். நம் மேசைக்கு முறைப்பாடு வருவது நம்மிடம் வாங்கியவர்களிடமிருந்துதான். ஒரு கடிதத்துக்கு உங்கள் பெயரைப் போடுவதற்கு முன், அது யார் வீட்டுக் கதவடியில் போய் விழப்போகிறது என்று யோசியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையா என்று எழுதியவரிடம் கேளுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

அந்த அழைப்புகளில் ஒன்று குரொய்டனில் இருந்த ஒரு வயதான ஆங்கிலேயருக்குப் போனது. தபால்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்தபின் கை விரல்களுக்குப் பயிற்சியாக யாரோ அவருக்கு ஒரு பழைய கொன்சோலைக் கொடுத்திருந்தார்கள். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றார். தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரையோ கூப்பிட்டார். மெதுவான காலடிகள் நெருங்கி வந்தன.

"இதை என் மனைவிக்கும் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது அவள் நம்பவில்லை," என்றது அவருடைய குரல்.

பிறகு ஒரு பெண் தொலைபேசியை எடுத்து, யார் பேசுவது என்று கேட்டார். நான் என் பெயரைச் சொல்லி முதலிலிருந்து தொடங்கினேன்.